கரிப் பொட்டலம்

அந்தக் குட்டிச் சட்டையின் இடது கைக்குள் அவன் தாள் உருளையை நுழைத்துக்கொண்டிருந்தபோது இழுப்பறைக்குள் கைபேசி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. சட்டைக்கு வயது ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். எகிப்துப் பாலைவனத்தில், மணலுக்கடியில், யாரோ ஒரு குழந்தையின் உடம்போடு கிடந்த கம்பளிச் சட்டை. பக்கத்தில் நின்று தும்மினாலே தோள்பட்டை உதிர்ந்துவிடும் என்று அருங்காட்சியகத்தில் எல்லோரும் அதைக் கண்டு மிரண்டார்கள். அவன் மட்டும் மிரளவில்லை. மடிப்பு விழுகிற இடத்தில்தான் இழை முறியும். உள்ளே மெத்தென்று எதையாவது வைத்து மடிப்பே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதானைக் கற்றுக்கொள்ள அவனுக்குப் பாதி ஆயுள் போயிருந்தது. பழைய துணிகளைச் செப்பனிட்டுப் பாதுகாப்பது அவன் வேலை. கூட இருப்பவர்கள் ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். இந்த டாக்டரிடம் வந்த நோயாளி ஒருத்தரும் பிழைத்து வீட்டுக்குப் போனதில்லை, ஆனால் புதிதாக யாரும் செத்ததும் இல்லை என்பது கண்ணாடிப் பெட்டி செய்யும் தச்சரின் பழைய கிண்டல். அவன் மகள் சின்னவள் போன பிறகு தச்சர் அந்தக் கிண்டலை விட்டுவிட்டார்.

கண்காட்சிக்கு ‘சிறியவர்களின் பொருட்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னவள் உயிரோடு இருந்தபோதே முடிவான பெயர். இயக்குநர் அம்மா அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, வேண்டுமானால் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். “வேலைதானேம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சொன்னது பொய்யில்லை. மேசைக்கு வந்துவிட்டால் அவனுக்கு வேறு உலகம். குப்புறப் படுத்துச் சிரிக்கும் பையன் வடிவில் ஒரு சீனத்துப் பீங்கான் தலையணை. மூக்கு வைத்த பச்சைக் கண்ணாடிக் குப்பி, ரோமாபுரியில் எவளோ ஒருத்தி அதில்தான் பால் புகட்டியிருக்கிறாள். பவழப் பிடி போட்ட வெள்ளிக் கிலுகிலுப்பை. கண்ணேறு படாமல் இருக்க மணிகளும் சிப்பியும் தைத்து, தலைக்குப் பாரமாகிப்போன ஒரு குல்லாய். மற்றவர்களுக்கு முதலில் அழகு தெரியும். அவனுக்கு முதலில் தெரிவது அந்தப் பொருள் எந்த வழியாகக் கெட்டுப்போகும் என்பது. ஈரம் வழியாகவா, வெளிச்சம் வழியாகவா, பூச்சி வழியாகவா, தொடுகிற கையின் வியர்வை வழியாகவா? அந்த வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து அதன் அழகைப் பார்ப்பான். அப்படிப் பார்க்கும்போது அவன் முகம் நன்றாக இருக்கும் என்று அவன் மனைவி கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள்.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியை எடுத்தான். அவள்தான். தபால் நிலையத்தில் முகப்புச் சாளரத்தில் உட்காருகிறவள், வேலை நேரத்தில் கூப்பிடவே மாட்டாள்.

“இன்னிக்குச் சீக்கிரம் வந்துருங்க. அரை நாள் லீவு போட்டுட்டேன். பெட்டிய எறக்கலாம்னு இருக்கேன்.”

என்ன பெட்டி என்று அவன் கேட்கவில்லை. சின்னவள் இருந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு ஐந்து வயது முடிந்திருக்கும்.

காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. மறு வாரம் அவன் மனைவியின் அக்கா வந்து வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி, சும்மா உட்காரத் தெரியாதவள். கண்ணில் பட்டதையெல்லாம் துவைக்கிற மிஷினில் அள்ளிப் போட்டாள்: போர்வை, தலையணை உறை, குழந்தையின் உடுப்பு அத்தனையும். மிஷின் சுற்ற ஆரம்பித்த சத்தம் கேட்டுத்தான் அவன் மனைவி படுக்கையிலிருந்து எழுந்து ஓடினாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், கொக்கியில், ஒரே ஒரு மஞ்சள் கவுன் அக்காவின் கண்ணுக்குத் தப்பித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய சாயங்காலம் கழற்றிப் போட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. சில நாள் அதை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். பிறகு ஒரு நாள் அவளாகவே கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“நான் வெச்சிருந்தா கசக்கியே தீத்துருவேன். நீங்கதான் இதுல கெட்டிக்காரர். பத்திரமா வெச்சுக் குடுங்க.”

அவன் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எந்த வேலையும் செய்ததில்லை. கவுனை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனான். எல்லோரும் கிளம்பிய பிறகு, எகிப்துச் சட்டைக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தான். அமிலமில்லாத தாளில் உருளை சுருட்டிக் கைகளுக்குள் வைத்தான். பாவாடை மடிப்புகளுக்கு இடையில் அதே தாளை மெத்தையாகக் கொடுத்தான். கழுத்துப் பக்கம் வியர்வை ஊறி லேசாகப் பழுத்திருந்தது. வியர்வை துணியை உள்ளேயிருந்தே தின்னும் என்பது அவனுக்குத் தெரியும். நனைத்துச் சுத்தம் செய்ய அவள் விட மாட்டாள். ஆகவே அதற்கு அடுத்தபடி என்ன செய்யலாமோ அதைச் செய்தான். காற்றில் கலக்கிற எந்த ஆவியையும் தனக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கரிப் பொட்டலங்கள் அவர்களிடம் உண்டு. விலைமதிப்பற்ற துணிகளுக்கு மட்டுமே வைப்பார்கள். அதில் இரண்டை எடுத்துத் தாளுக்கடியில் வைத்து, பெட்டியை மூடி ஒட்டினான். நூறு வருஷமானாலும் அந்த மஞ்சள் மங்காது. அன்று பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது, இத்தனை வருஷம் கற்ற தொழில் கடைசியில் தன் பிள்ளைக்குப் பிரயோஜனப்பட்டது என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் வாய்விட்டு அழுதுவிட்டான், பக்கத்து ஆள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அவள் கைபேசியில் கூப்பிட்ட அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். சோப்புப் போடவில்லை என்றாள். சோப்பு வாசனை நடுவில் வந்து குறுக்கே நிற்குமாம். அடுப்பையும் பற்ற வைக்கவில்லை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். தெருப் புகை உள்ளே வரக் கூடாது. அவன் பெட்டியை அலமாரியின் மேலிருந்து இறக்கி மேசையில் வைத்து, பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்தான். அவள் பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டான். ஒட்டுப் பட்டையை அவளே பிரித்தாள். கவுன் கடையில் தொங்குகிற புதுத் துணி மாதிரி, குறையொன்றும் இல்லாமல் இருந்தது. ஒரு கணம் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவள் அதை இரண்டு கையாலும் எடுத்து, கழுத்துப் பக்கத்தை மூக்கோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு அக்குள் பக்கம். பிறகு உள்ளே திருப்பி முதுகுப் பக்கம். பிறகு மறுபடியும் கழுத்து. கடையில் பழம் பொறுக்குகிறவள் போல அவசர அவசரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, ஒண்ணும் வரலையே.”

அவன் விரல்கள் அதற்குள் பெட்டியின் அடித் தாளைத் தடவிக்கொண்டிருந்தன. தாளுக்குக் கீழே பொட்டலம் நெறுநெறுவென்று விரலில் பட்டது. அந்த இடத்தில்தான் அவனுக்கு விளங்கியது. வாசனை என்பதும் காற்றில் கலக்கிற ஆவிதான். தொழிலில் கால் வைத்த முதல் வருஷமே படித்த பாடம். எந்த வழியாக அவள் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தாளோ, அந்த வழியைப் பார்த்து, தேடிப் பிடித்து, அடைத்து வைத்திருக்கிறான். ஒரு தகரப் பெட்டியில் சுருட்டிப் போட்டிருந்தால்கூட இருந்திருக்கும். வேறு எந்த அப்பனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

“என் தப்புதான்,” என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். “முன்னாடியே எறக்கியிருக்கணும். அடிக்கடி தெறந்தா தீந்து போயிடும்னு பயந்து பயந்து சேத்து வெச்சேன். எவ்வளவு நாள் கைய கட்டிக்கிட்டு இருந்திருக்கேன் தெரியுமா?”

“நாளாச்சுல்ல. துணிதானே,” என்றான் அவன். அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவ்வளவுதான். பெட்டியை மூடித் திரும்ப மேலே வைத்தான்.

அன்று சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன, தலையா போய்விடும் என்று அவன் தன்னையே கேட்டுக்கொண்டான். போய்விடும் என்றுதான் தோன்றியது. தவிர, சொல்லி என்ன ஆகப்போகிறது, போனது திரும்பியா வரப்போகிறது என்று ஒரு சமாதானமும் கைவசம் இருந்தது. கோழைகளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

ஆனால் அவள் அதோடு விடவில்லை. முதலில் தனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது என்றாள். ஆவி பிடித்தாள், சொட்டு மருந்து போட்டாள். வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள். காபித்தூள், செருப்புத் தோல், வெட்டிய வெங்காயம், அவனுடைய கழற்றிப் போட்ட சட்டை. எல்லாம் வந்தது. தபால் நிலையத்தில் கோந்து, மை, யாரோ அனுப்பிய பார்சலுக்குள் இருந்த சோப்பு, ஒன்று விடாமல் வந்தது. ஒருநாள் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, வேறு யாருடைய சங்கதியையோ சொல்கிற மாதிரி சொன்னாள்.

“மூக்குல ஒண்ணும் இல்ல. மத்ததெல்லாம் தெரியுது. அவ ஒருத்திதான் தெரியல. நெனச்சுப் பாக்கலாம்னு கண்ண மூடினா, நெனப்புலயும் வர மாட்டேங்குது. துணியில இருந்திருக்கும்ங்க. நான்தான் மறந்துட்டேன். ஒரு நாய் பூனைக்குக்கூடத் தன் குட்டி வாசனை மறக்காது.”

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். அதற்குப் பிறகு குழந்தையைப் பற்றி அவள் பேசுவது நின்றுபோனது. அக்கா போனில் பழைய கதை எதையாவது எடுத்தால், “எனக்கு ஞாபகமில்லக்கா” என்று வைத்துவிடுவாள். தனக்கு அந்த உரிமை இல்லை என்பது போல நடந்துகொண்டாள். சுவரில் இருந்த படத்தைக்கூட நேராகப் பார்க்காமல் கடந்து போனாள்.

அவன் ஒரு காரியம் செய்யப் பார்த்தான். கடைக்குப் போய், சின்னவளுக்குப் போட்ட அதே பவுடர், அதே சோப்பு, அதே தலை எண்ணெய் மூன்றையும் வாங்கி வேலை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கவுனில் கொஞ்சம் தடவினால் போதும். ஒரு துளி பாலும் சேர்த்துக்கொண்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பழம்பொருள் தொழிலில் இதற்குப் பெயர் போலி. ஓட்டை விழுந்த இடத்துக்குப் பின்னால் தாங்கு துணி கொடுக்கலாம், ஆனால் அது பிற்பாடு சேர்த்தது என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும்; இல்லாததை இருந்தது போலக் காட்டக் கூடாது. அருங்காட்சியகத்தில் இப்படிச் செய்த ஒருவரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூடியைத் திறந்து பவுடரை முகர்ந்தான். கடையின் வாசனைதான் அடித்தது, குழந்தையின் வாசனை அதில் இல்லை. மூன்றையும் குப்பைக்கூடையில் போட்டான்.

கண்காட்சி திறப்பதற்கு முந்தைய சாயங்காலம் ஊழியர்களின் வீட்டாருக்கு மட்டும் கூடத்தைத் திறந்து காட்டுவது அங்கே வழக்கம். அவள் வருவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அலுவலகப் பையோடு நேரே வந்து நின்றாள். விளக்குகளை அடக்கி வைத்திருந்ததால் பெட்டிகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. அவன் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனான். பீங்கான் பையனைப் பார்த்து, “இவன் முதுகுல தலைய வெச்சா தூக்கம் வருமா? கழுத்து பிடிச்சுக்கும்” என்றாள். கிலுகிலுப்பையின் பவழத்தில் பல் பட்ட தழும்புகள் இருந்தன. “கடிச்சு வெச்சிருக்கு பாருங்க!” என்று அவன் கையைப் பிடித்தாள். அவள் அவனைத் தொட்டுப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. மணிக் குல்லாயின் முன்னால், எத்தனை மணி தைத்தாலும் போகிறது போய்த்தானே தீர்கிறது என்று முணுமுணுத்தாள். அவன் ஊசியின் நுணுக்கத்தைப் பற்றி ஏதோ சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்துக்கு அவர்கள் கண்காட்சி பார்க்க வந்த எந்தத் தம்பதியையும் போலத்தான் இருந்தார்கள்.

கடைசிப் பெட்டியில் எகிப்துச் சட்டை. அதன் இடுப்பில் துணியைச் சுற்றிலும் மடித்துத் தையல் ஓட்டியிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

“வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்னு மடிச்சுத் தெச்சிருக்கா.”

“ஆமா.”

“பிரிக்கவே இல்ல.”

அவள் கண்ணாடியில் விரலை வைத்தபடி, சட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். “இதுக்குள்ள மூக்க வெச்சா ஏதாச்சும் வருமா?”

வராது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவன் தொழில்காரனாகவே பதில் சொன்னான். “வராது. வெளிய வர்றத எல்லாம் இழுத்துக்கறதுக்கு அடியில கரி வெச்சிருப்போம். காத்துல எது கலந்திருந்தாலும் பிடிச்சுக்கும். துணிக்கு அதான் நல்லது.”

சொல்லி முடித்த பிறகு தான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. அவள் நிமிரவில்லை. விரல் மட்டும் கண்ணாடியிலிருந்து கீழே இறங்கியது.

“அவ கவுனுக்கு?”

“வெச்சேன்.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“தெறந்த அன்னிக்கே.”

“நான் மறந்துட்டேன்னு உங்க எதிர்ல உக்காந்து சொன்னேனே. அப்ப?”

“தெரியும்.”

அடி விழுந்தாலும் தேவலை என்று நின்றான். ஒன்றும் விழவில்லை. அந்த நேரம் பார்த்து இயக்குநர் அம்மா அவர்களிடம் வந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவர் இல்லேன்னா இந்தச் சட்டையே இல்லம்மா. இவர் கைக்கு வந்த பொருள் எதுவும் கெட்டுப்போனதா சரித்திரமே கிடையாது.”

“தெரியும்மா,” என்றாள் அவள். “நல்லாப் பாத்துக்குவாரு.”

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கிற வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், ஒன்றுகூட உருப்படியாக இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். கவுனை எடுத்து நாற்காலியில் போட்டாள். அதன் கை ஒரு பக்கம் தரையில் தொங்கியது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. தாள் உருளைகளையும் தாள்களையும் வெளியே வாரிப் போட்டுவிட்டு, அடியில் கிடந்த இரண்டு வெள்ளைப் பொட்டலங்களைக் கையில் எடுத்தாள்.

“இதுவா?”

“ம்.”

“அப்ப இதுக்குள்ளதான் இருக்கா.”

“அது திருப்பித் தராதும்மா. பிடிச்சா பிடிச்சதுதான். மூக்குக்கு ஒண்ணும் தெரியாது. அந்தத் துணுக்குக்குள்ள—”

“வெளிய போயிடலல்ல? காத்தோட போயிடலல்ல?”

“போகல.”

“பிடிச்சு வெச்சிருக்குல்ல?”

“வெச்சிருக்கு.”

அவள் பொட்டலத்தின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கடுகு போலக் கறுப்புத் துணுக்குகள் உள்ளங்கையில் கொட்டின. சில தரையில் சிதறி உருண்டன. அவள் குனிந்து அவற்றையும் விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். கையைக் குவித்து முகத்தை அதற்குள் வைத்தாள். தோள்கள் ஏறி இறங்கின. நிமிர்ந்தபோது மூக்கு நுனியிலும் மேலுதட்டிலும் கரி அப்பியிருந்தது. அவள் அழவில்லை. அவள் முகத்தில் அவனுக்குத் தெரிந்தது, ஆஸ்பத்திரியில் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே நம்பிக்கை. அதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

“நீங்க பாருங்க,” என்று குவித்த கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். “நான் இருக்குன்னு ஏமாத்திக்குவேன். உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும். பாத்துச் சொல்லுங்க.”

அவன் குனிந்தான். துணுக்குகளுக்கு மிக அருகே மூக்கைக் கொண்டுபோய், நெஞ்சு நிறைய இழுத்தான். அவள் கை வியர்வைதான் வந்தது. வெளியே விட வேண்டிய நேரம் வந்தபோதுதான், தன் மூச்சில் கலந்து வருவதையும் இந்தக் கரி உள்ளே இழுத்துக் குழந்தையின்மேல் அப்பிக்கொள்ளும் என்பது அவனுக்கு உறைத்தது. முகத்தை எடுத்தால் வாசனை இல்லை என்று சொன்னதாகிவிடும். மூச்சை விட்டால் கரிக்குள் மிச்சமிருக்கிற குழந்தையும் மறைந்துபோவாள். அவள் கை நீட்டியபடியே இருந்தது. “சொல்லுங்க,” என்றாள். அவன் மூச்சை விடாமல் அடக்கிக்கொண்டு, குனிந்தபடியே நின்றான்.